மெட்ராஸ் ஆய்வும் பம்பாய் மருந்துச் சீட்டும்: காசநோய்ச் சிகிச்சையின் ஒரு வரலாறு

நீண்ட பதிவு. மருத்துவ வரலாறு, பொதுச் சுகாதாரம், அறிவியல் சமூகவியல் பயிலும் மாணவர்களை மனத்தில் கொண்டு எழுதியது.

மருத்துவ ஆய்வொன்றின் முடிவு வெளியாகிறது. மருத்துவர்கள் அதைப் படிக்கிறார்கள். படித்தபின் தாம் எழுதும் மருந்தை மாற்றிக்கொள்கிறார்கள். ஆய்வுக்கும் மருந்துச் சீட்டுக்கும் இடையிலான உறவை நாம் பெரும்பாலும் இப்படித்தான் எண்ணிக்கொள்கிறோம். இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்க்க இந்தியக் காசநோய்ச் சிகிச்சையின் வரலாறு மிகப் பொருத்தமான களம். காசநோய்க்கு மருந்து கொடுக்கும் முறையை உலகளவில் மாற்றிய ஆய்வுகளுள் முதன்மையான ஒன்று 1950களின் மெட்ராஸ் நகரில் நடந்தது. அதன் முடிவு வெளியாகி ஏறத்தாழ 30 ஆண்டுகளுக்குப் பின், இதே நாட்டின் பம்பாய் நகரில் ஏறத்தாழ 100 தனியார் மருத்துவர்களிடம் காசநோய்க்கு என்ன மருந்து எழுதுவீர்கள் என்று கேட்கப்பட்டது. விடையாக 80 வெவ்வேறு மருந்துத் திட்டங்கள் கிடைத்தன.

இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட தொலைவை விளக்க முயல்வதே இப்பதிவின் நோக்கம். ஆய்வு முடிவு தன் உண்மையின் வலிமையால் மட்டும் மருத்துவரின் எழுதுகோலைச் சென்றடைவதில்லை. மருந்து வழங்கல், பதிவேடு, கண்காணிப்பு ஆகியவற்றைக் கொண்ட ஓர் அமைப்பு அதைச் சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. அவ்வமைப்பு எட்டாத இடத்தில் முடிவு சிதறுகிறது. அவ்வமைப்பின் உள்ளேயோ, சில வேளைகளில், முடிவு உறைந்துபோகிறது. இவ்விரண்டும் இந்தியாவில் நடந்தன என்பதே என் வாதம்.

1. ஒரு மருந்து போதாது

ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 107 நோயாளிகளைக் கொண்டு அதைச் சோதித்து, 1948இல் முடிவை வெளியிட்டது. யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை மருத்துவரின் விருப்பத்துக்கு விடாமல், சமவாய்ப்பு முறையில் முன்கூட்டியே தீர்மானித்த ஆய்வு அது. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபர்ட் ஹில்லின் பங்களிப்பால் இன்றும் மருத்துவ ஆய்வு முறையியலின் மைல்கல்லாகக் கருதப்படுகிறது. 6 மாத முடிவில், மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தனர். மருந்து பெறாத 52 பேரில் 14 பேர் இறந்திருந்தனர்.

இதைவிட முக்கியமான செய்தி பின்னர் வந்தது. 5 ஆண்டுகள் கழித்துக் கணக்கெடுத்தபோது, முதல் குழுவில் 32 பேரும் இரண்டாம் குழுவில் 35 பேரும் உயிருடன் இல்லை. தொடக்கத்தில் தெரிந்த பெரும் வேறுபாடு ஏறக்குறையக் கரைந்துவிட்டது. காரணம், மருந்து எதிர்ப்பு. நுரையீரலில் பெருகியிருக்கும் கோடிக்கணக்கான கிருமிகளுள் ஒரு மருந்துக்கு அசையாத சில கிருமிகள் இயல்பாகவே இருக்கும். அந்த ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் மற்றவை அழிந்து, அசையாதவை பெருகும். இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றுக்குத் தப்பியது மற்றொன்றில் சிக்கும். ஸ்ட்ரெப்டோமைசினுடன் பாஸ் எனப்படும் பாரா அமினோ சாலிசிலிக் அமிலத்தைச் சேர்த்து நடத்திய அடுத்த ஆய்வு இதை உறுதிசெய்தது. 1952இல் விலை மலிந்த ஐசோனியாசிட் பயன்பாட்டுக்கு வந்தது.

மொழியியல் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஓர் ஒப்புமை தோன்றும். காசநோய்ச் சிகிச்சையில் மருந்து என்பது தனிச்சொல். எதனோடு எது, எந்த அளவில், எந்த வரிசையில், எத்தனை மாதம் என்னும் சேர்க்கையே தொடர். சொற்கள் அனைத்தும் சரியாக இருந்தும் தொடர் பிழையாக அமையலாம். இந்நோயைப் பொறுத்தவரை, பிழையான தொடர் பயனற்றுப் போவதோடு நிற்பதில்லை. அடுத்து எழுதவேண்டிய தொடருக்கான சொற்களையும் அழித்துவிடுகிறது.

2. மெட்ராஸ், 1956

மருந்து கிடைத்துவிட்டது. அதை எங்கே வைத்துக் கொடுப்பது? ஐரோப்பிய மரபின்படி காசநோயாளியின் இடம் சானடோரியம்: தூய காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு, மாதக்கணக்கான தங்கல். இந்தியாவிலும் அம்மரபு வேரூன்றியிருந்தது. மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்திலும் சென்னையை அடுத்த தாம்பரத்திலும் சானடோரியங்கள் இயங்கின. தாம்பரத்தில் அச்சொல் ரயில் நிலையத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. ஆனால் நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தனர். படுக்கைகளோ அவ்வெண்ணிக்கைக்கு எவ்வகையிலும் ஈடாகவில்லை.

இந்தப் பின்னணியில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மெட்ராஸ் மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை இணைந்து 1956இல் மெட்ராஸில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை நிறுவின. இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று அறியப்படுவது அதுவே. அதன் தொடக்க ஆண்டுகளில் ஆய்வை வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ்.

முதல் ஆய்வு 193 நோயாளிகளைக் கொண்டது. நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த அவர்களுள் ஒரு பகுதியினர் சமவாய்ப்பு முறையில் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர்கள் தத்தம் வீடுகளிலேயே வைத்துச் சிகிச்சை பெற்றனர். இரு சாரார்க்கும் ஓராண்டு முழுவதும் ஐசோனியாசிடும் பாஸும் தரப்பட்டன. 1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வெளியானது. ஓராண்டு இறுதியில் சானடோரியக் குழுவில் 92 விழுக்காட்டினருக்கும் வீட்டுக் குழுவில் 86 விழுக்காட்டினருக்கும் கிருமியியல் நோக்கில் நோய் தணிந்திருந்தது. வீட்டில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குத் தொற்று கூடுதலாகப் பரவவில்லை என்பதும் பின்தொடர் ஆய்வுகளில் தெளிவாயிற்று.

நெரிசலான வீடு, போதாத உணவு, ஓய்வற்ற உழைப்பு ஆகிய அனைத்துக்கும் இடையிலும் மருந்து தன் வேலையைச் செய்தது. சானடோரியத்தின் நூற்றாண்டுப் பெருமைக்கு இம்முடிவு ஒரு பேரடி. மேலை நாடுகளில் புதிய மருந்துகளின் வரவாலேயே சானடோரியங்கள் காலியாகத் தொடங்கியிருந்தன. எனினும், ஏழை நாடுகள் படுக்கைகளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே சிகிச்சை அளிக்கலாம் என்பதற்குச் சான்றாக நின்றது மெட்ராஸ் ஆய்வே. 1964இல் அதே மையம், வாரம் இருமுறை மட்டும், பணியாளரின் நேர்ப்பார்வையில் மருந்து கொடுக்கும் முறையும் பயனளிக்கும் எனக் காட்டியது. பிற்காலத்தில் 'டாட்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கான வித்துகளுள் ஒன்று அங்கே இடப்பட்டது.

3. முடிவு பயணப்பட்டது, நிபந்தனை பயணப்படவில்லை

மெட்ராஸ் நோயாளிகளின் வீட்டுச் சிகிச்சை எத்தகையது என்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். மருந்து இலவசம். நோயாளிகள் குறித்த நாளில் மையத்துக்கு வந்து மருந்து பெற்றனர். பணியாளர்கள் அவர்களின் வீடுகளுக்குச் சென்றனர். முன்னறிவிப்பின்றிச் சென்று மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினர். மருந்து உட்கொள்ளப்பட்டதா என்பதைச் சிறுநீர்ச் சோதனையால் அறிந்தனர். சளி தொடர்ந்து வளர்ப்புச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டது. நோயாளி வீட்டில் இருந்தார். அவ்வீட்டைச் சுற்றி ஒரு முழு ஆராய்ச்சி நிறுவனம் நின்றது.

1962இல் தொடங்கிய தேசியக் காசநோய்த் திட்டம் 'வீட்டுச் சிகிச்சை போதும்' என்ற முடிவை ஏற்றுக்கொண்டது. ஆனால் அம்முடிவை உண்மையாக்கிய வீட்டு வருகையையும் இடைவிடாக் கவனிப்பையும் நாடு முழுமைக்கும் ஏற்பாடு செய்ய அதனிடம் பணமும் இல்லை, ஆட்களும் இல்லை. நோயாளி மாதம் ஒருமுறை சுகாதார நிலையத்துக்கு வந்து மருந்தைப் பெற்றுச் சென்று, தாமே உட்கொள்ள வேண்டும் என்றாயிற்று. ஆய்வறிக்கை சுருக்கமாக மாறி, சுருக்கம் ஒற்றை வாக்கியமாக மாறி, அவ்வாக்கியம் கொள்கையாக மாறும் ஒவ்வொரு படியிலும் நிபந்தனைத் தொடர்கள் உதிர்ந்துவிடுகின்றன. எஞ்சி நிற்பது பயனிலை மட்டுமே.

அக்காலத்திலேயே ஓர் எச்சரிக்கை வந்தது. பெங்களூரில் அமைந்த தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் நடத்திய சமூகவியல் ஆய்வு 1963இல் வெளியானது. கிராமத்தார் அறியாமையால் மருத்துவரை நாடுவதில்லை என்பது அன்றைய பொதுக் கருத்து. ஆய்வு வேறொன்றைக் காட்டியது. நோயாளிகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே சுகாதார நிலையங்களை நாடிச் சென்றிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இருமல் மருந்துப் புட்டியொன்றுடன் திருப்பி அனுப்பப்பட்டிருந்தனர். நோயாளி சரியான வாசலைத் தட்டியிருந்தார். அங்கே எழுதப்பட்ட மருந்தே தவறு. இந்த ஆய்வு இன்றுவரை போற்றி மேற்கோள் காட்டப்படுகிறது. எனினும் நோயாளியின் நடத்தையைத் திருத்துவதில் நாம் காட்டிய அக்கறை, அந்த இருமல் மருந்தை எழுதிய கையைத் திருத்துவதில் நெடுங்காலம் ஏற்படவில்லை.

4. பம்பாய், 1991

இடைப்பட்ட ஆண்டுகளில் சிகிச்சையே மாறியது. ரிஃபாம்பிசின் என்னும் ஆற்றல்மிக்க மருந்தைச் சேர்த்தால் 6 மாதச் சிகிச்சை போதும் என்பதைப் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழுவும் கிழக்கு ஆப்பிரிக்க ஆய்வாளர்களும் இணைந்து நடத்திய ஆய்வுகள் 1972 முதல் நிறுவின. 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்காமல் தயாரிப்பு முறைக்கு மட்டுமே வழங்கியதால், உள்நாட்டு நிறுவனங்கள் புதிய மருந்துகளைத் தாமே தயாரிக்க முடிந்தது. மருந்துகள் பல வணிகப் பெயர்களிலும் பல சேர்க்கைகளிலும் சந்தைக்கு வந்தன. அரசுத் திட்டம் குறுங்காலச் சிகிச்சையைச் சில மாவட்டங்களில் மட்டும் தயங்கித் தயங்கித் தொடங்கிய 1980களில், தனியார் மருத்துவரிடம் புதிய மருந்துகள் அனைத்தும் இருந்தன. சொற்கள் ஏராளமாக வந்துவிட்டன; அவற்றைத் தொடராக்கும் இலக்கணத்தை அவருக்குக் கற்பிக்க எவரும் வரவில்லை.

இச்சூழலில்தான் முகுந்த் உப்லேகரும் டொனால்ட் ஷெப்பர்டும் 1991இல் தம் ஆய்வை வெளியிட்டனர். பதிவின் தொடக்கத்தில் குறிப்பிட்ட 80 மருந்துத் திட்டங்கள் அதில் பதிவானவையே. அவற்றுள் பெரும்பாலானவை முறையற்றவை. தேவைக்கு மேல் செலவு பிடிப்பவையும் ஆகும். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து, சாரிர் உத்வாடியாவும் உப்லேகரும் உள்ளிட்ட ஆய்வாளர்கள் மும்பையில் அதே வினாவை மீண்டும் எழுப்பினர். 2010இல் வெளியான முடிவின்படி, 106 மருத்துவர்கள் 63 வெவ்வேறு திட்டங்களை எழுதினர். சரியான திட்டத்தை எழுதியவர்கள் 6 பேர். பன்மருந்து எதிர்ப்புக் காசநோய்க்குச் சரியான சீட்டை எழுதியவர்கள் 3 பேர். தேவைக்கு அதிகமான மருந்துகளை, தேவைக்கு அதிகமான காலத்துக்கு எழுதும் போக்கே மிகுந்து காணப்பட்டது.

5. ஏன் இப்படி நேர்ந்தது?

மருத்துவர்களின் அறியாமை என்று கூறி முடித்துவிடலாம். அது போதுமான விளக்கமாகாது. தில்லியில் ஜிஷ்ணு தாஸ் உள்ளிட்டோர் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற நடிகர்கள் நோயாளிகளாக மருத்துவர்களிடம் சென்றனர். 250 சந்திப்புகளில் 52இல், அதாவது 21 விழுக்காட்டில் மட்டுமே முறையான கவனிப்பு கிடைத்தது. அதே மருத்துவர்கள் சிலரிடம் அந்நோயாளியின் நிலையை ஏட்டு வினாவாகக் கேட்டபோது விடைகள் மேம்பட்டன. அறிந்ததற்கும் செய்ததற்கும் இடையே ஓர் இடைவெளி இருந்தது. அவ்விடைவெளியில் என்னென்ன இருக்கின்றன?

முதலாவது, பின்னூட்டத்தின் இயல்பு. காசநோயாளிக்கு ஓரளவு பொருத்தமான எந்த மருந்தைக் கொடுத்தாலும் சில வாரங்களில் காய்ச்சல் குறையும், பசி எடுக்கும், எடை கூடும். மருத்துவர் தம் கண்முன் காண்பது இந்த முன்னேற்றத்தை. பிழையான திட்டத்தின் விளைவு மாதங்கள் கழித்து, பல வேளைகளில் வேறொரு மருத்துவரின் அறையில் வெளிப்படுகிறது. எனவே பிழையாக எழுதியவருக்குத் தம் பிழை ஒருபோதும் திரும்பி வருவதில்லை. 'என் அனுபவத்தில் இது வேலை செய்கிறது' என்று அவர் கூறுவது பொய்யன்று. அவருடைய அனுபவம் பாதியில் வெட்டப்பட்ட அனுபவம். மெட்ராஸ் மையம் நோயாளிகளை 5 ஆண்டுகள் பின்தொடர்ந்ததன் பொருள் இதுவே. தனி மருத்துவரின் கண் எட்டாத காலத்தை ஆய்வு பார்க்கிறது.

இரண்டாவது, செய்தி வந்துசேரும் வழி. உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழ் ஏழைக் குடியிருப்பிலுள்ள மருத்துவரின் மேசைக்கு வருவதில்லை; மருந்து நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வருகிறார். அவர் கொண்டுவருவது ஒரு வணிகப் பெயர், ஒரு புதிய சேர்க்கை, சில மாதிரி மாத்திரைகள். எந்த நோயாளிக்கு, எத்தனை மாதம், எப்போது நிறுத்துவது என்பன அவர் பையில் இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

மூன்றாவது, நோயாளியின் பணப்பை. தனியார் மருத்துவரிடம் வருபவர் ஒவ்வொரு மருந்துக்கும் தாமே பணம் கொடுக்கிறார். முதல் வாரத்தில் குணம் தெரியாவிட்டால் அடுத்த தெருவிலுள்ள மருத்துவரிடம் செல்வார். சளிச் சோதனைக்கு அனுப்பினால் சோதனைச் செலவோடு நோயாளியும் கைவிட்டுப் போகலாம். ஆகவே சோதனைக்கு முன்பே ஒரு நுண்ணுயிர்க்கொல்லி எழுதப்படுகிறது. அது ஃபுளோரோகுவினோலோன் வகையாக இருந்தால், காசநோய்க் கிருமியை ஓரளவு அடக்கி நோயை மறைத்துவிடுகிறது, கண்டறிதல் தாமதமாகிறது.

நான்காவது, சீட்டு தனிமையில் எழுதப்படுகிறது. அறுவைச் சிகிச்சையில் பலர் உடனிருக்கிறார்கள். மருந்துச் சீட்டை எழுதும்போது மருத்துவரும் நோயாளியும் மட்டுமே. எழுதியபின் சீட்டு நோயாளியோடு போய்விடுகிறது. அதை மற்றொரு மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பே அமைவதில்லை.

இவற்றின் விலை என்ன என்பதை மும்பை உணர்த்தியது. 2011 டிசம்பரில், உத்வாடியாவும் உடன்பணியாளர்களும் தாம் சோதித்த மருந்துகள் எவற்றுக்கும் அசையாத காசநோய் கொண்ட 4 நோயாளிகளைப் பற்றி ஒரு மருத்துவ இதழில் கடிதம் வெளியிட்டனர். 'முற்றிலும் மருந்து எதிர்ப்பு' என்ற தொடரை உலகச் சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை; எவ்வளவு சோதித்தால் 'முற்றிலும்' எனலாம் என்பதற்கு வரையறை இல்லை என்பது அதன் வாதம். ஆனால் அக்கடிதத்தில் சொல்லாராய்ச்சியைவிடக் கவனத்துக்குரியது ஒரு சிறு தகவல். அந்நோயாளிகளுள் 3 பேர் 18 மாத காலத்தில் சராசரியாக 4 தனியார் மருத்துவர்களிடம் சென்றிருந்தனர். இரண்டாம் நிலை மருந்துகள் ஒவ்வொன்றாக, பல வேளைகளில் தவறான அளவில், சேர்க்கப்பட்டிருந்தன. தோற்றுக்கொண்டிருக்கும் திட்டத்தில் ஒற்றை மருந்தைச் சேர்க்கக்கூடாது என்பது 1940களின் இறுதியிலேயே கற்ற பாடம். 60 ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பாடம் அச்சீட்டுகளை எட்டியிருக்கவில்லை.

6. ஒருவருக்குப் பெயர் உண்டு, மற்றவருக்கு இல்லை

காசநோய்த் திட்டங்களின் பதிவேடுகளில் நெடுங்காலம் ஒரு கட்டம் இருந்தது: 'டிஃபால்டர்'. தவணை தவறியவர். கடன்காரருக்கு வங்கி சூட்டும் சொல், மருந்தை இடையில் நிறுத்திய நோயாளிக்கும் சூட்டப்பட்டது. நோயாளி ஏதோ ஒப்பந்தத்தை மீறியவர் என்ற குறிப்பு அச்சொல்லிலேயே இருக்கிறது. அதேபோல் நோயாளி மருந்தைச் சரிவர உட்கொள்வதைக் குறிக்க 'கம்ப்ளையன்ஸ்', அதாவது கீழ்ப்படிதல், என்ற சொல் வழங்கிற்று. 2013இல் உலகச் சுகாதார நிறுவனம் தன் வரையறைகளைத் திருத்தியபோது 'டிஃபால்ட்' என்ற சொல் நீக்கப்பட்டு, தொடர்பு விட்டுப்போனவர் என்ற பொருள் தரும் சொல் வந்தது. வரவேற்கத்தக்க மாற்றம்.

இங்கே இல்லாத ஒரு சொல்லையும் நாம் கவனிக்க வேண்டும். நிறுவப்பட்ட மருந்துத் திட்டத்திலிருந்து விலகும் நோயாளிக்குப் பெயரும், கட்டமும், ஆண்டறிக்கையில் விழுக்காடும் இருந்தன. அதே திட்டத்திலிருந்து விலகும் மருத்துவருக்கு என்ன பெயர்? எந்தப் பதிவேட்டில் அவருக்குக் கட்டம் இருந்தது? பெயரிடப்பட்டது எண்ணப்படுகிறது, எண்ணப்பட்டது சிக்கலாகக் கருதப்படுகிறது. பெயரிடப்படாதது தனிமனிதரின் தொழில்முறைச் சுதந்திரமாக எஞ்சிவிடுகிறது. நோயாளி மாத்திரையை நிறுத்தினால் அது பொதுச் சுகாதாரச் சிக்கல். மருத்துவர் தவறான மாத்திரையை எழுதினால் அது 'கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்'. பம்பாயின் 80 திட்டங்கள் ஆய்வாளர்கள் தேடிச் சென்று கேட்டதால் மட்டுமே நமக்குத் தெரியவந்தன.

சிறிய ஓரத்துச் சிக்கலாக இதைக் கருதுவதற்கும் இடமில்லை. மருந்து விற்பனைத் தரவுகளைக் கொண்டு நிமலன் அரினமின்பதி உள்ளிட்டோர் 2016இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2014ஆம் ஆண்டில் இந்தியத் தனியார் துறையில் வழங்கப்பட்ட காசநோய்ச் சிகிச்சை, அரசுத் துறையில் வழங்கப்பட்டதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. காசநோய்ச் சிகிச்சையின் பெரும்பகுதி அரசுப் பதிவேட்டுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தது.

7. அமைப்பும் உறைந்துபோகும்

இதுவரை கூறியவற்றிலிருந்து, அரசுத் திட்டம் சரி, தனியார் மருத்துவர் தவறு என்ற எளிய முடிவுக்கு வருவது வரலாற்றுக்கு நியாயமாகாது. ஓர் எடுத்துக்காட்டு போதும்.

1997இல் தொடங்கிய திருத்தப்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் வாரம் மும்முறை, நேர்ப்பார்வையில் மருந்து கொடுக்கும் முறையை நாடெங்கும் பரப்பியது. அதன் வேர்கள் மெட்ராஸ் மையத்தின் இடைவெளிச் சிகிச்சை ஆய்வுகளுக்குச் செல்கின்றன. இங்கே ஆய்வு முடிவு மருந்துச் சீட்டை முழுமையாக வென்றது. மருந்துகள் நோயாளியின் பெயரிட்ட பெட்டியில் வந்ததால் மருத்துவர் விலகி எழுதவே இடமில்லை. ஆனால் காலப்போக்கில், நாள்தோறும் மருந்து கொடுப்பதே மேலானது என்ற சான்றுகள் திரண்டன. 2010இலேயே உலகச் சுகாதார நிறுவனம் நாள்தோறும் கொடுக்கும் முறைக்கு முன்னுரிமை அளித்தது. இந்தியத் திட்டமோ உடனே நகரவில்லை. பொதுநல வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2017 ஜனவரியில் 9 மாதக் கெடு விதித்த பின்னரே அந்த ஆண்டு நாடு முழுவதும் மாற்றம் வந்தது. எச்ஐவி தொற்றும் உள்ள காசநோயாளிகளிடம் நாள்தோறும் மருந்து கொடுப்பதே சிறந்தது என்று காட்டிய சமவாய்ப்பு ஆய்வொன்றை, 1964இன் அதே சென்னை நிறுவனம் 2018இல் வெளியிட்டது. மருந்தை நாள்தோறும் எழுதிவந்த தனியார் மருத்துவர்கள், இந்த ஒன்றில், அரசுக்கு முன்பே சரியான பக்கத்தில் நின்றிருந்தனர். சிதறிய வழக்கத்தில் சில சரிகள் தற்செயலாக அமையும். உறைந்த வழக்கத்தில் ஒரு பிழை அமைந்தால் அது அனைவருக்கும் பொதுவாகிவிடும்.

உணவு பற்றிய முடிவின் கதையும் இதனோடு தொடர்புடையது. மருந்து முறையாகக் கொடுக்கப்பட்டால், நல்ல உணவு இல்லாத நிலையிலும் நோய் தணிகிறது என்பதை மெட்ராஸ் ஆய்வாளர்கள் 1961இல் காட்டினர். சத்துணவு தரமுடியாத காரணத்தால் ஏழைக்குச் சிகிச்சையை மறுக்க வேண்டியதில்லை என்பதே அன்று அதன் விடுதலை தரும் பொருள். அது நாளடைவில் 'காசநோயில் உணவு முக்கியமில்லை' என்று வாசிக்கப்பட்டது. ஆய்வு கேட்ட வினாவோ அதுவன்று. 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு, ஜார்க்கண்ட் மாநிலத்தில் நோயாளிகளின் குடும்பத்தாரான 10,345 பேரைக் கொண்டு வேறொரு வினாவைக் கேட்டது: குடும்பத்துக்கு உணவு கொடுத்தால் புதிதாக நோய் வருவது குறையுமா? அனைத்து வகைக் காசநோயும் 39 விழுக்காடு குறைந்தது. இரு ஆய்வுகளும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. முதல் ஆய்வின் விடையை, அது கேட்காத வினாவுக்கு விடையாக நாம் அரைநூற்றாண்டுக் காலம் வைத்துக்கொண்டிருந்தோம்.

8. பதிவேட்டில் ஒரு வரி

மாற்றம் வந்த வழியும் என் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. 2012 மே மாதத்தில் காசநோய் அறிவிக்கப்பட வேண்டிய நோயாயிற்று. தனியார் மருத்துவரும் தம் நோயாளியை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், காசநோயைக் கண்டறிவதாகக் கூறி விற்கப்பட்ட பயனற்ற ரத்தச் சோதனைகள் தடைசெய்யப்பட்டன. 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை காசநோய் மருந்துகளையும் உள்ளடக்கியது. அதன்படி மருந்துக் கடைக்காரர் மருந்தின் பெயர், அளவு, நோயாளியின் பெயர் ஆகியவற்றுடன் அதை எழுதிய மருத்துவரின் பெயரையும் முகவரியையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

எழுதிய கைக்கு ஒரு கட்டம் கிடைத்தது. இதனால் சீட்டுகள் அனைத்தும் திருந்திவிட்டன என்று கூறுவதற்கில்லை. எல்லாக் கடைகளிலும் பதிவேடு ஒழுங்காக எழுதப்படுகிறது என்று எவரும் நம்பவும் மாட்டார்கள். ஆயினும் நோயாளியை மட்டும் எண்ணிவந்த ஒரு முறைமையில் மருத்துவரின் முடிவும் எண்ணத்தக்கதாயிற்று என்பது வரலாற்று நோக்கில் சிறிய செய்தியன்று.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். மருத்துவ வரலாற்றை ஆய்விதழ்களையும் நிறுவன அறிக்கைகளையும் கொண்டே நாம் பெரும்பாலும் எழுதிவருகிறோம். ஏனெனில் அவையே ஆவணக் காப்பகங்களில் உள்ளன. நோயாளியின் உடலுக்குள் உண்மையில் சென்ற மருந்து எது என்பதை அவை சொல்வதில்லை. அதைச் சொல்லக்கூடிய மருந்துச் சீட்டுகள் வீட்டு அலமாரிகளிலும் பழைய எக்ஸ்ரே உறைகளிலும் கடைப் பதிவேடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன; 3 ஆண்டுக் கெடு முடிந்ததும் பதிவேடுகளும் எடைக்குப் போகும். நோயாளியின் அடையாளத்தைக் காக்கும் தக்க அறநெறி ஏற்பாடுகளுடன், அவை அழிவதற்கு முன் திரட்டப்பட வேண்டும். 193 நோயாளிகளின் மெட்ராஸ் ஆய்வைப் பற்றி நாம் விரிவாகவே அறிவோம். அதற்குப் பின் இந்நாட்டில் எழுதப்பட்ட கோடிக்கணக்கான சீட்டுகளின் வரலாறு இன்னும் எழுதப்படவில்லை.